துணிக்கு மேலே இருக்கும் கூரை

பதுளையிலிருந்து கடிதம் வந்தபோது அது எனக்குத்தான் வந்தது என்று நம்புவதற்காக விலாசத்தை இரண்டு தரம் படித்தேன். மு. மதுஷா, ஐந்தாம் நம்பர் லயம். என் பெயர்தான். செப்டம்பர் பதின்மூன்றாம் திகதி சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் லயத்தின் கூரையைப் பரிசோதிக்க வருவார் என்று எழுதியிருந்தது.

பகலில் பண்டாரவளையில் ஜௌபர் நானாவின் புத்தகக் கடையில் போட்டோக்கொப்பி எடுக்கிறேன். வாரத்தில் மூன்று மாலை, அதே ஊரில் அலுவலக நடைமுறை வகுப்புக்குப் போகிறேன். ஜூன் மாதம் உத்தியோகபூர்வக் கடிதம் எழுதும் பாடம் நடந்தது. கற்பனையாக எழுத வேண்டாம், உண்மையாகவே தேவையான ஒன்றைக் கேட்டு எழுதுங்கள் என்றார் சேர். நான் எங்கள் கூரையைப் பற்றி எழுதினேன். பத்துக்கு ஏழு கிடைத்தது. இணைப்பு ஏதாவது இருந்தால் கடிதத்துக்குக் கனம் கூடும் என்று சிவப்பு மையில் ஒரு குறிப்பு. அதனால் ஓர் இணைப்பையும் சேர்த்து, பதுளையில் தோட்ட வீடுகளுக்குப் பொறுப்பான காரியாலயத்துக்குத் தபாலில் போட்டேன். பதிலை எதிர்பார்த்துப் போடவில்லை.

பூனாகலை பஸ் நின்று திரும்பும் இடத்திலிருந்து இருபது நிமிடம் இறங்கி நடந்தால் எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடு. பத்துக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு வீடு. பத்துக்கும் சேர்த்து ஒரே கூரை, ஒரே முகடு. ஒரு வீட்டுக்காரர் தன் பங்குத் தகரத்தை உயர்த்திப் போட்டால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். அதனால் யாரும் பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஓட்டைக்குத் தார், காற்றுக்கு டயரும் கல்லும், அவ்வளவுதான்.

போன டிசம்பரில் மூன்றாம் நம்பர் லயத்தில் கூரையைத் தாங்கும் கைமரம் ஒன்று ஒடிந்து தகரத்தோடு உள்ளே விழுந்தது. கீழே படுத்திருந்த ரஜீவ் அண்ணனின் வலது தோள் போய்விட்டது. இப்போது அவர் அந்தக் கையால் பிளேன்டிக் கோப்பையைத் தூக்குவார், மம்பட்டியைத் தூக்க முடியாது. எங்கள் கூரையும் அதே காலத்தில் போட்டதுதான். பெரிய மழையில் அம்மாவின் கட்டிலுக்கு மேலே மரம் முனகும். அப்பா கொழும்பில் ஒரு கட்டடத்துக்குக் காவல் இருக்கிறார், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவார். வீட்டில் நானும் அம்மாவும்தான். ஒக்டோபரில் மழை தொடங்கிவிடும்.

கடிதத்தின் இரண்டாவது பந்தியில் விபரம் இருந்தது. பரிசோதித்த கூரைகளை மூன்றாகப் பிரிப்பார்கள். 'அ' என்றால் மரமும் தகரமும் முழுவதும் மாற்ற வேண்டும். 'ஆ' என்றால் பழுதுபார்த்தால் போதும். 'இ' என்றால் குறை இல்லை. இந்த வருடம் 'அ' கிடைத்த லயங்களுக்கு மட்டும்தான் வேலை நடக்கும். மற்றவை அடுத்த சுற்றுக்கு. அடுத்த சுற்று எப்போது என்று எழுதவில்லை. எனக்கு வேண்டியது அந்த ஓர் எழுத்து.

அனுப்பிய இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியில் எங்கள் வீட்டுக் கூரையின் ஒழுக்கை எழுதி வருகிறேன். திகதி, மழை தொடங்கிய நேரம், தண்ணீர் விழுந்த இடம், வைத்த பாத்திரம். ஏன் எழுதத் தொடங்கினேன் என்று கேட்டால் பதில் இல்லை. எழுதினால் குறையும் என்று நினைத்தேனோ என்னவோ. ஒவ்வொரு வருடமும் எத்தனை இடத்தில் ஒழுகியது என்று ஒரு தாளில் அட்டவணையாகக் கடையில் டைப் செய்து எடுத்தேன். கோடெல்லாம் நேராக, அழகாக வந்திருந்தது. அழகைப் பார்த்தேனே தவிர அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

கடிதத்தைத் தலைவர் முருகையா மாமாவிடம் கொண்டுபோனேன். தொழிற்சங்கத்தின் தோட்டக் கமிட்டித் தலைவர், எங்கள் லயத்திலேயே முதல் காம்பரா. அவர் சொன்னபடி வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் நின்று எல்லோருக்கும் வாசித்தேன். முதல் பந்தியை மட்டும் வாசித்தேன். 'அ', 'ஆ', 'இ' என்று விளக்கப்போய் கடைசியில் 'இ' வந்துவிட்டால், கடிதம் போட்டவள் நீதானே என்று கேட்பார்கள் என்ற பயம். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

"ஒன் கடுதாசிக்கா ஆபீசர் வர்றாங்க?" என்றார் மாமா. "சங்கத்துல இருந்து நான் ஆறு கடுதாசி குடுத்தேன், ஒரு நாய்கூட எட்டிப் பாக்கல. சரி, வர்றவங்களுக்கு லயத்தக் கொஞ்சம் பாக்கிற மாதிரி வச்சிக்கணும்."

தலையாட்டினேன். வாசலில் ஓடும் சாக்கடைக் கானைக் கழுவுவார்கள் என்று நினைத்தேன். லயம் பார்க்கத் தோட்டத் துரை வந்தாலும் டாக்டர் வந்தாலும் சங்கத்துப் பெரியவர்கள் வந்தாலும் இங்கே அதுதான் வழக்கம். கானைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கொடியில் கிடக்கும் கிழிசலை உள்ளே எடுத்துவிடுவார்கள். வருகிறவர் முகம் சுளித்துவிட்டுப் போனால் அந்தப் பேச்சு வருடக்கணக்கில் நிற்கும்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து ஆறே கால் பஸ்ஸில் ஏறி, இறங்கி நடந்து வரும்போது ஏழரை ஆகிவிட்டது. லயத்துக்கு முந்திய திருப்பத்திலேயே தார் மணத்தது. இன்னொரு மணமும் சேர்ந்து வந்தது. வீட்டுக்குள் அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். முழங்கைவரை கை வெள்ளி நிறம்.

"என்னம்மா இது?"

"பெயின்ட். கோயில் வேலிக்கு அடிச்ச மிச்சம் கெடந்திச்சி. தலைவரு எடுத்துக் குடுத்தாரு. மண்ணெண்ண போட்டுக் கழுவினேன், போக மாட்டேங்குது."

"எதுக்கு அடிச்சீங்க?"

"கூரைக்கு. ஓட்டைக்கெல்லாம் தார் வச்சி, மேல ஒரு கோட்டு. ஆறு பேரு அரைநாள் சம்பளம் போனாப் போகுதுன்னு அரைப்பேரோட வேலைய விட்டுட்டு வந்து ஏறியிருக்காங்க. நல்லாருக்கான்னு கேக்காம, எதுக்குங்கிற."

"டயரெல்லாம்?"

"எறக்கியாச்சி. அசிங்கமா கெடந்திச்சி."

"அம்மா, அவங்க வர்றதே ஓட்டையப் பாக்கத்தான்."

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டார். "ஓட்டைய நீ காட்டிக்க. நாங்க லயத்தக் காட்டுறோம்."

உள்ளே சுவரும் வெள்ளையாக இருந்தது. முன்பு தண்ணீர் இறங்கிய மஞ்சள் கோடுகள் நான்கு இருந்தன, இப்போது ஒன்றுகூட இல்லை. சாப்பிடும்போது எனக்குச் சண்டை போடத் தெம்பு இருக்கவில்லை. இரண்டாவது பந்தியை அப்போதாவது வாசித்திருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். பத்துக் காம்பராவின் கூரையும் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பார்க்கும் லயம் அது, அவ்வளவு நன்றாக அதை நான் கண்டதேயில்லை. முருகையா மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பாதையில் நின்றார். "எப்படி?" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்வது?

பத்தே முக்காலுக்கு வாகனம் வந்தது. இறங்கியவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். தலையை மூடிய ஸ்கார்ஃபுக்கு மேலே மஞ்சள் ஹெல்மெட். பெயர் மர்லியா என்று சட்டையில் குத்திய அட்டையில் இருந்தது. சாரதி ஹஸீப் ஏணியை இறக்கினார். அந்த மிஸ் லயத்தைப் பார்த்ததும் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டார்.

"எப்ப அடிச்சது?"

"நேத்துத்தாங்க மிஸ்," என்றார் மாமா, பெருமையாக.

"நெனச்சேன். போன கெழமை ஒரு தோட்டத்துல கூரையில தோரணமே கட்டி வச்சிருந்தாங்க." அவர் சிரிக்கவில்லை. களைத்துப் போயிருந்தார். அந்த வாரத்தில் அது அவருடைய பதினான்காவது லயம் என்று பிறகு ஹஸீப் சொன்னார்.

ஏணியில் ஏறி, ஆணி வரிசை மேல் மட்டும் கால் வைத்து முகடுவரை போனார். தட்டினார், குனிந்து பார்த்தார், படம் எடுத்தார். இறங்கி வந்தபோது கையுறை முழுக்க வெள்ளி.

"ஆணித் தலையெல்லாம் தாரால மூடியிருக்கு. கீழ துரு எவ்வளவு, ஓட்ட எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. சுரண்டிப் பாக்கவும் ஏலாது. ஓட்ட விழுந்தா நான் போட்ட ஓட்டைன்னு ஆகிரும்." என்னைப் பார்த்தார். "கடிதம் போட்ட மதுஷா நீங்களா? ஒங்க வீட்டுக்குள்ள பாப்பம்."

எங்கள் வீட்டில் அவர் சுவரில் கையை வைத்துப் பார்த்தார். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. பிறகு மேலே பார்த்தார். மேலே துணி. எங்கள் லயத்தில் எந்த வீட்டிலும் உள்ளிருந்து கூரை தெரியாது. புகைக்கரியும் எலிப் புழுக்கையும் விழாமலிருக்க எல்லோரும் பழைய சேலையையோ மாவுச் சாக்கையோ தைத்துக் கட்டியிருப்பார்கள். எங்களுடையது அம்மாவின் மூன்று சேலைகள், ஓரத்தில் கம்பி கோத்து நாலு சுவரிலும் ஆணியடித்தது.

"இத ஒரு பக்கம் கழட்டினா மரத்தப் பாக்கலாம்," என்றார் மிஸ்.

"வேணாங்க," என்றார் அம்மா. வாசலில் நின்றபடியே சொன்னார். "உள்ளுக்கு ஒரே கரி. ஒங்க சட்டையெல்லாம் பாழாப்போயிரும்."

"பரவால்ல."

"வேணாங்க மிஸ். ஒண்ணுமில்ல அங்க."

மிஸ் என்னிடம் திரும்பிக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தார். என் அட்டவணை. கோடெல்லாம் நேராக இருந்தது.

"இது நீங்க அனுப்பினதுதானே? ரெண்டாயிரத்து இருவத்திரெண்டுல பதினொரு எடத்துல ஒழுகியிருக்கு. அடுத்த வருசம் ஏழு. அடுத்தது நாலு. இந்த வருசம் ரெண்டு." தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "கூரை தன்னால சொகமாகுதா?"

வெளியே யாரோ சிரித்தார்கள். அடுத்த காம்பரா பாக்கியலெட்சுமி அக்காவின் சிரிப்பு அது.

"நான் சரியாத்தான் எண்ணினேன் மிஸ்," என்றேன். சொல்லும்போதே எண்ணியது சரிதானா என்று சந்தேகம் வந்துவிட்டது. கடையிலும் வகுப்பிலும் இருந்த நேரத்தில் பெய்த மழையை எப்படி எழுதினேன்? அம்மாவைக் கேட்டு எழுதினேன். ஒழுகிச்சா? இல்ல. சரி என்று எழுதினேன்.

"நீங்க பொய் எழுதினதாச் சொல்லல. ஆனா நான் கண்டதத்தான் எழுதலாம். படமில்லாம ஒரு வரியும் எடுபடாது. மேல பெயின்ட், சுவர்ல சுண்ணாம்பு, உள்ள துணி. ஒங்க தாளும் ஒழுக்கு குறையுதுன்னுது. இதுக்கு 'ஆ' போடலாம். அதுவே கூடுதல்னு மேல இருக்கிறவங்க சொல்லுவாங்க."

நான் துணியைப் பார்த்தேன். அம்மாவின் கட்டிலுக்கு நேரே மூலையில் ஒரு முழ நீளத்துக்கு ஆணி இல்லை, ஊக்குக் குத்தியிருந்தது. ஆறு ஊக்கு. அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். தையல் விட்ட இடம் என்று நினைத்திருந்தேன். தையல் விட்டால் அம்மா தைப்பார். மூன்று வருடமாக ஊக்குக் குத்தி வைத்திருக்க மாட்டார்.

கட்டிலில் ஏறினேன்.

"மதுஷா, எறங்கு." அம்மாவின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "வெளியாளு நிக்கிறாங்க. எறங்கு புள்ள."

முதல் ஊக்கைக் கழற்றினேன். அம்மா வந்து என் பாவாடை ஓரத்தைப் பிடித்தார். நான் நிறுத்தவில்லை. எனக்குக் கோபம் ஒன்றும் இருக்கவில்லை, ரஜீவ் அண்ணனின் தோள்தான் நினைவில் இருந்தது. நிறுத்தாதது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஆறாவது ஊக்கும் கழன்றதும் துணியைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பக்கத்து ஆணி வரிசை பெயர்ந்து துணி பாதி கீழே தொங்கியது. கரி கொட்டியது.

மேலே டின்கள் தொங்கின. பால்மா டின், பிஸ்கட் டின், கைபிடி போன சட்டி, நான் ஆறாம் வகுப்பில் கொண்டுபோன தண்ணீர்ப் போத்தலின் கீழ்ப்பாதி. ஒவ்வொன்றும் கைமரத்திலிருந்து கட்டுக்கம்பியால், ஒவ்வோர் ஓட்டைக்கும் நேர்கீழே. சுவரோரத்தில் உரச் சாக்கின் பொலித்தீனைப் பீலி மாதிரி மடித்துக் கட்டி, பின்சுவர்த் துளை வழியாகக் கானுக்கு வழி விட்டிருந்தது. எண்ணினேன். பதின்மூன்று.

என் கொப்பியில் இந்த வருடத்துக்கு இரண்டு என்று இருந்தது.

மிஸ் படம் எடுத்தார். பிறகு கட்டிலில் ஏறி, அம்மாவின் தலைமாட்டுக்கு மேலே இருந்த கைமரத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். வெண்ணெயில் இறங்குவது போலக் கைபிடிவரை இறங்கியது. சுவரில் உட்காரும் முனையை டோர்ச் அடித்துக் காட்டினார். அங்கே மரமே இல்லை. ஒரு செங்கல்லும் மடித்த தகரத் துண்டும் முட்டுக்கொடுத்திருந்தன.

"இது மரத்துல நிக்கல," என்றார். "பழக்கத்துல நிக்குது."

"எப்பம்மா இதெல்லாம் கட்டினீங்க?"

அம்மா தரையில் விழுந்த கரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ கடைக்குப் போனப்பொறவு. கொழுந்து எடுத்திட்டு வந்து, ராவெல்லாம் வாளி மாத்தி மாத்தி வைக்க என்னால ஏலல. அதான். நெறஞ்சா நீ இல்லாத நேரத்துல ஊக்கக் கழட்டி ஊத்திருவேன்." கரியைக் காலால் ஒதுக்கிவிட்டு, "ஒன் கொப்பியும் நனையும்," என்றார். இரண்டில் எது முதல் காரணம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

மிஸ் கட்டிலிலிருந்து இறங்கினார். "ஒரு காம்பராவ வச்சி லயத்துக்கே 'அ' போட ஏலாது. ஏழு காம்பராவாவது நான் உள்ளிருந்து பாக்கணும். மூணு மணிக்கு நான் போகணும், இன்னொரு தோட்டம் இருக்கு."

இஸ்தோப்புக்கு வந்தேன். எல்லோரும் நின்றார்கள். கடிதத்தை எடுத்து, வாசிக்காமல் விட்ட இரண்டாவது பந்தியை வாசித்தேன். 'அ' என்றால் என்ன, 'ஆ' என்றால் என்ன, 'இ' என்றால் என்ன.

"இது அன்னைக்கே கடுதாசில இருந்திச்சா?" என்றார் பாக்கியலெட்சுமி அக்கா.

"இருந்திச்சிக்கா."

"அன்னைக்கே வாசிச்சிருந்தா நாங்க ஏன்டி வெயில்ல ஏறிக் காயுறோம்? அரைப்பேரும் போச்சி, இடுப்பும் போச்சி."

தவறு என்னுடையது என்றேன். அது யாருக்கும் உதவவில்லை.

"சரி, ஆளாளுக்குத் துணிய எறக்குங்க," என்றார் முருகையா மாமா. அவரே அசையவில்லை. யாரும் அசையவில்லை. துணி இறங்கினால் கரி மட்டுமா தெரியும், ஒவ்வொருவரும் இத்தனை வருடம் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் எப்படிச் சமாளித்தார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

"என் வீட்டுல ஒழுகாது," என்றார் பாக்கியலெட்சுமி அக்கா. அதை அவர் பத்து வருடமாகச் சொல்லி வருகிறார். மழைக்காலத்தில் நாங்கள் வாளி ஊற்றும்போதெல்லாம், என் வீட்டுல ஒரு சொட்டு இல்ல, என் கைராசி அப்படி, என்பார்.

ஒரு மணி ஆகிவிட்டது. ஹஸீப் வாகனத்துக்கு அருகில் போய் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மிஸ், மூணுக்கு முந்தி எறங்கோணும், பாதை சரியில்ல." மிஸ் கோப்பை மூடினார்.

அப்போது அம்மா வெளியே வந்தார். முந்தானையை விரித்துப் பிடித்து அதில் டின்களைச் சுமந்திருந்தார். இஸ்தோப்பின் குட்டைச் சுவரில் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார். பால்மா டின், பிஸ்கட் டின், சட்டி, போத்தல். தகரம் கல்லில் படும் சத்தம் பதின்மூன்று தரம் கேட்டது. கையில் வெள்ளிப் பூச்சு, முகத்தில் கரி. யாரையும் பார்க்காமல் வைத்து முடித்தார். பிறகு நேரே பாக்கியலெட்சுமி அக்காவைப் பார்த்தார்.

"எனக்குப் பதிமூணு. ஒனக்கு எத்தன?"

"சிரிக்கிறவங்க சிரிச்சிக்கங்க," என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார். துணி கிழியும் சத்தம் கேட்டது. மிஸ் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் போனார், நாங்களும் எட்டிப் பார்த்தோம். அக்காவின் கட்டிலுக்கு மேலே, முகட்டோடு, ஒரு பெரிய கறுப்புக் குடை விரித்தபடி தலைகீழாகக் கட்டியிருந்தது. அதன் நடுவில் காய்ந்த சேறு.

முருகையா மாமா எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அது என் கொடை."

"ஆமா, ஒங்க கொடைதான்," என்றார் அக்கா.

"நாலு வருசமாத் தேடுறேன். பஸ்ஸுல விட்டுட்டேன்னு வீட்டுக்காரிகிட்ட ஏச்சு வாங்கியிருக்கேன்."

"வேணும்னா அவுத்துக்கிட்டுப் போங்க. மழைக்கு வந்து நீங்க மேல நின்னு புடிங்க."

மிஸ் முதல் தடவையாகச் சிரித்தார். அதற்குப் பிறகு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு காம்பராவாகத் துணி இறங்கியது. ஒரு வீட்டில் குழந்தைக் குளியல் தொட்டி. ஒரு வீட்டில் வாழைமட்டையைப் பிளந்து பீலி. மாமா வீட்டில் சங்கத்துப் பேனர் ஒன்று தகரத்தோடு சேர்த்து ஆணியடிக்கப்பட்டிருந்தது, அதைப் பற்றி யாரும் அவரைக் கேட்கவில்லை. கடைசிக் காம்பராக்காரர்கள் கொழும்பில், பூட்டிக் கிடந்தது. இன்னொரு வீட்டில் கிழவர் சுகமில்லாமல் படுத்திருந்தார், கரி கொட்டக்கூடாது என்று விட்டுவிட்டோம். மொத்தம் எட்டு. நான் படத்தின் எண்ணையும் காம்பரா எண்ணையும் சொல்லச் சொல்லக் குறித்துக் கொடுத்தேன். அந்த வேலை மட்டும் எனக்குச் சரியாக வந்தது.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மிஸ் படிவத்தை வாகனத்தின் முன்பக்கத்தில் வைத்து எழுதினார். கூரை நிலை என்ற கட்டத்தில் 'அ' போட்டுக் கையெழுத்து வைத்ததை நான் பார்த்தேன்.

"இது என் சிபாரிசு," என்றார். "எந்த லயம் முதல்ல, எப்ப சாமான் வரும்கிறது என் கையில இல்ல. மழைக்கு முந்தி வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

"சரிங்க மிஸ்."

"ஒங்கம்மாட கட்டில இன்னைக்கே அந்த மரத்துக்குக் கீழ இருந்து எடுங்க. பாக்கியலெட்சுமி அக்காடதையும். அப்புறம், டயரெல்லாம் எங்க?"

"எறக்கிட்டோம்."

"காத்து மாசத்துல எறக்கினீங்களா?" பெருமூச்சு விட்டார். "திரும்பி ஏத்துங்க. கல்லு வேணாம். டயரும் மண் மூட்டையும் மட்டும், அதுவும் சுவருக்கு நேரே மேல. நடுவுல ஒண்ணும் வேணாம், மரம் தாங்காது." வாகனத்தில் ஏறிய பிறகு கண்ணாடியை இறக்கி, "அந்தத் தாள மாத்தி அனுப்புங்க," என்றார். "அத யாராவது கோப்புல பாத்தா என் 'அ'வ 'ஆ' ஆக்கிருவாங்க."

வாகனம் போன பிறகு டயர்களைத் திரும்ப ஏற்றினோம். முந்திய நாள் இறக்கியவர்களே ஏற்றினார்கள். ஏணியின் கீழே நின்று நான் டயரை உருட்டிக் கொடுத்தேன். பூச்சு இன்னும் முழுதாகக் காயாததால் கூரையெங்கும் கால் தடமும் டயர் வட்டமும் விழுந்தன. வெள்ளிக்கிழமை அவ்வளவு பாடுபட்டு அடித்தது.

அம்மா இரவு என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலும் பேசவில்லை. மூன்று சேலைகளையும் துவைத்துக் கொடியில் போட்டார். அவை பழைய நிறத்துக்கு வரவில்லை. கட்டிலை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போட்டிருந்தோம். படுத்தால் இப்போது கூரை தெரிகிறது. கறுத்த மரம், தகரத்தில் தார் வைத்த புள்ளிகள். டின்கள் இஸ்தோப்புச் சுவரிலேயே இருந்தன. மழை வரும்வரை அவை மேலே வேண்டாம், வந்ததும் வேண்டும்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தாளை மாற்றுவதென்றால் நான்கு வருடத்தையும் மாற்ற வேண்டும். 'கீழே' என்று ஒரு நிரலும் 'மேலே' என்று ஒரு நிரலும் போட்டேன். 'மேலே' நிரலில் எழுத என்னிடம் எதுவும் இல்லை. நேற்று எண்ணிய பதின்மூன்று மட்டும்தான். எந்த டின்னை எப்போது கட்டினார் என்று தெரியாமல் மற்ற மூன்று வருடத்தையும் எப்படி நிரப்புவது? ஊகித்து எழுதினால் அதுவும் முந்தியது போலத்தான்.

அம்மா பாத்திரம் கழுவிவிட்டு வந்து என் பின்னால் நின்று கொப்பியைப் பார்த்தார். பிறகு வெளியே போய் டின்களை இரண்டு இரண்டாக எடுத்து வந்து மேசையில் வைத்தார். பால்மா டின்னைத் தூக்கி அடியைப் பார்த்தார்.

"இது மொதல்ல கட்டினது," என்றார். "மூணாம் நம்பர்ல பெரியசாமி செத்த மாசம். எழுதிக்க."

"2022 நவம்பர்மா."

"என்னமோ. சட்டி அதுக்கடுத்த சித்திரையில. கைபிடி போனப்பொறவு." அடுத்ததை எடுத்தார். "பிஸ்கட் டின்னு அப்பா தீபாவளிக்கு வந்தப்ப கொண்டுவந்தது. காலியானதுமே கட்டிட்டேன்."

எழுதிக்கொண்டே வந்தேன். போத்தலுக்கு வந்தபோது அம்மா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எப்பன்னு சரியா ஞாபகமில்ல. போன வருசமா, அதுக்கு முந்தியா," என்றார். "பென்சில்ல எழுதிக்க."

பேனையை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தேன்.